இடது பக்க மடிப்பு

பிப்ரவரி 2

வாண்டுக்கு,

உன் போனுக்கு நாற்பது தடவை அடித்திருப்பேன். நேற்றிலிருந்து மணிகூட அடிக்காமல் அறுந்துபோகிறது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று பட்டன் தைக்கிற பெண் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கூடப் பிறந்தவளுக்கு நல்ல மரியாதை. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் எழுதிப் பத்து வருடம் இருக்கும். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

சித்தி வீட்டுக்குத்தான் போயிருப்பாய். உனக்கு வேறு போக்கிடம் ஏது? இரண்டு நாள் ரயில், ஒரே ஒரு பை, சொல்லாமல் கொள்ளாமல்.

விருது விழாவுக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. சிவப்புக் கம்பளத்தில் மேடம் நடக்கப்போவது நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்துக்காக ஒரு வருடமாக எங்கள் தையல் அறை உயிரைக் கொடுக்கிறது. அவருக்கு ட்ரையலுக்கு வர நேரமில்லை. படப்பிடிப்பு முடிந்தால் விளம்பரம், விளம்பரம் முடிந்தால் விமானம். உன் உடம்பும் அவர் உடம்பும் தோளிலிருந்து முட்டி வரை அச்சு அசல் ஒன்று என்று கண்டுபிடித்தவள் நான். வாரம் ஒரு நாள் நீ வந்து நின்றால் உன் மேல் துணியைப் போட்டு நான் குண்டூசி குத்துவேன், அவ்வளவுதான் வேலை. பத்து மாதம் ஒழுங்காக நின்றாய். அன்றைக்கு என்ன வந்தது உனக்கு? குண்டூசி டப்பாவைத் தட்டிவிட்டு, "நான் உன் தங்கச்சியா, இல்ல கடை வாசல்ல நிக்கிற பொம்மையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். டிசைனர் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மயக்கமாக வருகிறது என்றாய், கேட்டேன். இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொள் என்றேன். அது ஒரு குற்றமா?

மேடம் புதுப் படத்துக்காகக் கோடையிலிருந்து உடம்பை இறக்கிக்கொண்டே வந்தார். நல்ல வேளையாக நீயும் அதே வேகத்தில் இறங்கினாய். நம் அதிர்ஷ்டம் அது. தையல் அறையில் அத்தனை பெண்களும் உன்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், நீ என்னடாவென்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாய்.

சரி, போனது போகட்டும். கிளம்பி வா. இன்னும் நாலே ட்ரையல்.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நான் வரமாட்டேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், நீ கடைசி வரை தேட வேண்டாம்.

உன் கடிதத்தைச் சித்தி வாசலில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் கடிதமா, வீட்டை விற்கிறாளா என்று கேட்டாள். இல்லை, தங்கச்சியைத் திரும்ப வாங்கப் பார்க்கிறாள் என்றேன்.

இங்கே எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்கள் கவுன்டர். வண்டியில் விட்டுப்போனதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார்கள், நான் சீட்டு எழுதி அலமாரியில் அடுக்க வேண்டும். குடை, கம்பளிச் சட்டை, கைப்பை, ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போகிறவர்கள் எப்படி வீடு போய்ச் சேருகிறார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. நேற்று ஒரு அம்மா பழுப்பு நிறக் கம்பளிச் சட்டையைத் தேடி வந்தார். இரண்டு முழங்கையும் கிழிந்து, சிவப்பு நூலால் வேண்டுமென்றே தெரியும்படி தைத்திருந்தார். ஏன் அதே நிற நூல் கிடைக்கவில்லையா என்றேன். "கிழிஞ்சது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியட்டுமே" என்றார். உன் மகாராணியின் அத்தனை கவுனையும் சேர்த்து வைத்தாலும் அந்தச் சட்டைக்கு ஈடாகாது. நீ இதைப் படித்துப் பல்லைக் கடிப்பாய் என்று தெரியும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது எனக்குப் பிடித்ததைப் போடுகிறேன். பெரிய சட்டை, இரண்டு பக்கமும் பாக்கெட், கான்வாஸ் ஷூ. பத்து மாதமாக யாருடைய உடுப்பையோ போட்டுக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்து நின்ற எனக்கு, பாக்கெட்டில் கை விட்டு நடப்பதே பெரிய சுகம். இங்கே வந்த பிறகு சட்டை எல்லாம் இன்னும் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை போட்டாயிற்று. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். என் கணக்கில் இப்போது ஆள் கால்தான், மீதி முக்காலும் ஆடை. சித்தி போடுகிற சாப்பாட்டில் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை, வயிறு நிறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. உன் பழக்கம்தான், வேறென்ன? ட்ரையல் நாளில் சாப்பிடாதே சாப்பிடாதே என்று சொல்லிச் சொல்லி வயிற்றையே பயமுறுத்தி வைத்திருக்கிறாய்.

போன் தடை அப்படியே இருக்கட்டும். உன் குரலைக் கேட்டால் நான் வந்துவிடுவேன்.

தங்கச்சி


பிப்ரவரி 14

வாண்டுக்கு,

கிழிந்த சட்டைக்காரிக்கு மாலை போட்டு வழிபடு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதான் அம்மா சொல்லுவாள், கிழிசலை ஊருக்குக் காட்டு என்று சொன்னதில்லை. மூன்று சைஸ் பெரிய சட்டையில் கையை விட்டுக்கொண்டு நடப்பதற்குப் பெயர் ஸ்டைலா? என் தங்கச்சி என்று வெளியே சொல்லிவிடாதே.

உன் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். மாடலிங் செய்தவளாம். உயரம் சரி, தோள் சரி, இடுப்பு சரி. ஆனால் இடது பக்க மடிப்பு நிற்க மாட்டேன் என்கிறது. விலாவுக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பைச் சுற்றி விழுமே, அந்த ஐந்து மடிப்பு. டிசைனர் சார் அதைப் பார்த்த அன்றைக்கு, "இந்த கவுனோட உயிரே இதுலதான் இருக்கு" என்று சொல்லி மற்ற வரைபடத்தையெல்லாம் கிழித்துப் போட்டார். உன் மேல் போட்டால் கம்பீரமாக எழுந்து நின்றது. இவள் மேல் போட்டால் ஈரத் துணி மாதிரி தொங்குகிறது. மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டேன். பச்சை சாட்டின், ஊசித் துளை விழுந்தால் மறையாது. நான்காவது தடவை பிரித்தால் துணி செத்துவிடும்.

நீ வராவிட்டால் போகட்டும், ஒரு உதவி மட்டும் செய். யாரையாவது டேப் பிடிக்கச் சொல்லி உன் அளவை எழுதி அனுப்பு. மார்பு, விலாவுக்குக் கீழ், இடுப்பு. சுற்றளவு மட்டும் போதாது. நடு முதுகிலிருந்து நடு வயிறு வரை இடது தனியாக, வலது தனியாக வேண்டும். அதை வைத்து நான் இங்கே ஒரு பொம்மை செய்துகொள்கிறேன்.

இவ்வளவு கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போகிறது, அதனால் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

அளவு கேட்டிருந்தாய். மார்பு முப்பத்தொன்று. இடுப்பு இருபத்திரண்டரை. எடை நாற்பத்தொரு கிலோ. எடுத்தது தையல்காரி இல்லை, நர்ஸ்.

திங்கட்கிழமை கவுன்டருக்குக் கீழே குனிந்து ஒரு குடையை எடுக்கப் போனேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண் திறந்தபோது குடைகளுக்கு நடுவில் கிடந்தேன். என்னோடு வேலை செய்கிற டிக்கெட்காரம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திவிட்டு, அழுத்தின இடத்திலேயே கையை வெகுநேரம் வைத்திருந்தார். வீக்கம் இருக்கிறதாம். எப்போதிலிருந்து எடை இறங்குகிறது, எப்போதிலிருந்து இந்தப் பக்கம் கனக்கிறது என்று கேட்டார். 

எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை அக்கா. நம் வீட்டில் எடை பார்க்கிற மெஷின் கிடையாது. என் சட்டை, பாவாடை எல்லாவற்றையும் நீ அவ்வப்போது கேட்காமலேயே பிடித்துத் தைத்து மடித்து வைத்துவிடுவாய். அதனால் எனக்கு எதுவும் தொளதொளத்ததே இல்லை. இங்கே பிடித்துத் தைக்க ஆளில்லாததால்தான் இப்போது தெரிகிறது. இதைச் சொன்னால் டாக்டரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உன் உடம்ப பத்தி வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். என் அக்கா பத்து மாதமாக ஒவ்வொரு வாரமும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள் என்றேன். அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

அந்த அளவு நோட்டை அனுப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு இரண்டு மாத வரிசையாம். இது நாள்பட்டது என்று தெரிந்தால் வரிசையில் முன்னால் தள்ளி உடனே அனுப்புவார்களாம். புதிது என்றால் கிருமியால் வந்த வீக்கமாக இருக்கலாம், முதலில் மூன்று வாரம் மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்களாம். எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. உன் நோட்டு சொல்லும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சித்தியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

தங்கச்சி


பிப்ரவரி 27

என் வாண்டுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து கை ஓடவில்லை. பயப்படாதே. நீ சின்ன வயதிலிருந்தே நோஞ்சான், காற்றடித்தால் காய்ச்சல் வரும். இதுவும் அப்படி ஏதாவதாகத்தான் இருக்கும்.

நோட்டை அப்படியே அனுப்ப முடியாது. அதில் மேடம் அளவும் இருக்கிறது, ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உன் அளவை மட்டும் பார்த்துத் தனியாக எழுதியிருக்கிறேன், டாக்டரிடம் காட்டு.

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இடுப்பு இருபத்தேழு. டிசம்பரில் இருபத்தாறு. ஜனவரியில் இருபத்துநாலு. வேறு மாற்றம் ஒன்றும் குறித்து வைக்கவில்லை.

மாத்திரை கொடுத்தால் வேளை தவறாமல் சாப்பிடு. விழா முடிந்த மறுநாள் நான் ரயில் ஏறிவிடுவேன். அதுவரை எப்படியாவது சமாளித்துக்கொள். இப்போது கிளம்பினால் அறையில் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். உனக்குத் தெரியாததா?

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் பட்டியலைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் தெளிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் இறங்கியது என்றால் பெரும்பாலும் கிருமிதான் என்றார். மூன்று வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், ஒவ்வொன்றும் விரல் நுனி பருமன். சித்தி ஒவ்வொரு வேளையும் நான் முழுங்குகிற வரை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

உன்னை அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இதை எழுத ஒரு மாதம் ஆயிற்று எனக்கு. நீ வரிசையாகத் தேதி போட்டு எழுதியிருந்ததைப் பார்த்தபோது கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை, வெறும் துணி தாங்கியாக நிறுத்திவைத்திருக்கிறாய் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்தேன். ஒருத்தி வாரா வாரம் நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பது சின்ன விஷயமா? டிக்கெட்காரம்மாவிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். "எங்கக்காவுக்கு என்னைக் கை வெச்சாலே தெரியும்" என்றேன்.

விழாவை நாங்கள் பயணிகள் காத்திருக்கும் அறையில் இருக்கிற டிவியில் பார்க்கப்போகிறோம். அன்றைக்கு மட்டும் என் கவுன்டரைச் சீக்கிரம் மூட அனுமதி வாங்கிவிட்டேன். உன் மகாராணி வரும்போது, அது என் உடம்பில் தைத்தது என்று எல்லாரிடமும் சொல்வேன், யாரும் நம்பமாட்டார்கள்.

போனில் பேசலாமா என்று நினைத்தேன். வேண்டாம். பேசினால் சண்டை வரும். கடிதத்தில் நீ நல்லவளாக இருக்கிறாய்.

உன் தங்கச்சி


மார்ச் 17

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. மாத்திரை பதினான்கு நாள் ஆயிற்று. வீக்கம் குறையவில்லை, ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. இடது பக்கம் படுத்தால் மூச்சு முட்டுகிறது. முழுக் கெடு முடியட்டும், நடுவில் மாற்றக் கூடாது என்கிறார் டாக்டரம்மா. புதிதாக வந்தது சில சமயம் பிடிவாதம் பிடிக்குமாம்.

நீ எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? இன்னொரு தடவை நோட்டைப் பாரேன்.

தங்கச்சி


மார்ச் 22

தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்றுதான் விழா. படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மேடமைத் தயார் செய்யப் போனேன். நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள இந்த ஒன்றே போதும், ஆனாலும் மீதியையும் எழுதுகிறேன்.

கவுன் மேடமுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது, இடது பக்கத்தைத் தவிர. மடிப்பு தொங்கியது. டிசைனர் சார் என்னைப் பார்த்தார். நான் ஓரமாகப் போய்ப் பஞ்சும் லைனிங் துணியும் எடுத்து, உள்ளே வைத்துத் தைக்க ஒரு பொதி செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரைபடம் இல்லை, அளவு பார்க்கவில்லை. கை தானாகவே வெட்டியது, தானாகவே பஞ்சை அடைத்தது. மேல் பக்கம் பருமன், கீழே ஒடுக்கம், ஓரம் மழுங்கல். முடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வாண்டு, அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதை நான் எத்தனை தடவை தொட்டிருக்கிறேன்.

தெரிந்தும் அதை வைத்துத் தைத்தேன். மடிப்பு எழுந்து நின்றது.

இப்போது நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். நீ இறங்க ஆரம்பித்தது டிசம்பரில் இல்லை, ஜூனில். ஜூலை இரண்டாம் வாரம் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: இடது அரை இன்ச் கூடுதல், டார்ட் மாற்று. செப்டம்பரில் ஒரு இன்ச். துணியைப் பிடித்துத் தைக்கிற டார்ட்டால் மறைக்க முடியவில்லை, அதனால் மடிப்பு வைத்தேன். அந்த மடிப்பு யாருடைய கனவிலும் வரவில்லை. உன் உடம்பில் ஒரு கோணல் இருந்தது, அதை மறைக்க நான் வைத்தது. எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். ஒரு தோள் இறங்கியிருந்தால் பேட் வைப்பேன், முதுகு வளைந்திருந்தால் தையல் கோட்டை நகர்த்துவேன். ஒரு உடம்பைப் பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று இருபது வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நீ கேட்டாய். அக்டோபரில். "அக்கா, இந்தப் பக்கம் என்னவோ கனமா இருக்குடி" என்றாய். என் வாயில் குண்டூசி. நேராக நில் என்று கண்ணைக் காட்டினேன்.

பட்டியலை ஏன் மாற்றினேன் என்று கேட்பாய். உன் கடிதம் வந்த அன்றைக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஏழு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை உன்னிடம் எப்படிக் கொடுப்பது? கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று எழுதியது சாக்கு. அதோடு, புதிது என்றால் கிருமி என்று நீயே எழுதியிருந்தாய். அது கிருமியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தேதியை மாற்றினால் நோயும் மாறிவிடும் என்று நினைத்த முட்டாள் நான். துணியில் கோட்டை மாற்றினால் உடம்பு மாறித் தெரியும், அந்தப் பழக்கம்.

காலையில் சித்திக்குப் போன் செய்தேன். நீ தூங்குகிறாய் என்றாள். சொல்லத்தான் கூப்பிட்டேன். மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோழை.

நோட்டு முழுவதையும் இதோடு வைத்து வேகமான கூரியரில் அனுப்புகிறேன். மேடம் பக்கத்தையும் கிழிக்கவில்லை, யார் என்ன செய்தாலும் சரி. இதைக் கையில் வாங்கின நிமிடமே டாக்டரிடம் ஓடு. நான் வரலாமா கூடாதா என்று நீ சொல்கிற வரை இங்கேயே இருக்கிறேன். சொல்லாமல் வந்து உன் முன்னால் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நோட்டு இருபத்தாறாம் தேதி வந்தது. போனில் சொல்லியிருந்தால் இருபத்திரண்டாம் தேதியே தெரிந்திருக்கும். நாலு நாள். அதையும் சேர்த்துக்கொள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஜூலைப் பக்கம் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் யாரையோ கூப்பிட்டார். மறுநாள் ஸ்கேன், அதற்கு மறுநாள் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கட்டிதான். மண்ணீரலில் ஆரம்பித்து வெளியேயும் போயிருக்கிறது. பெயர் நீளமாக இருக்கிறது, அதை எழுதி உனக்கு என்ன ஆகப்போகிறது? நான் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் இருக்கிறேன், ஜன்னலோரக் கட்டில். மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இது ஆளைக் குணமாக்குகிற மருந்து இல்லை, நாளைக் கூட்டுகிற மருந்து என்று நேராகவே சொன்னார்கள். சித்திதான் அழுதாள்.

உன் மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ அதன் மேல் சாட்டின் போட்டு ஐந்து மடிப்பு வைத்து ஊரைக் கைதட்ட வைத்தாய். ஜூலையில் தெரியாமல் செய்தாய், அதைக்கூட என்னால் ஒருநாள் விழுங்க முடியும். பிப்ரவரியில் தெரிந்து செய்தாய். நான் பயமாக இருக்கிறது என்று எழுதியதற்குக் கீழே உட்கார்ந்து நீ பொய்த் தேதி எழுதினாய். உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், கோடையிலிருந்து இறங்கினாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை நானும் கவனிக்கவில்லை. உன்னை அவ்வளவு நம்பியிருக்கிறேன்.

விழாவைப் பார்த்தோம். டிக்கெட்காரம்மா, சுமை தூக்குகிறவர்கள், வண்டிக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அவள் இறங்கி நடந்தபோது காமிரா நேராக இடது பக்கம்தான் போயிற்று. எல்லாரும் ஆ என்றார்கள். நானும்தான். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அது கடைக்கு வந்துவிட்டது. நேற்று எதிர்க் கட்டில்காரியைப் பார்க்க வந்த பெண் அந்த மடிப்பு வைத்த உடுப்பு போட்டிருந்தாள். மலிவுத் துணி, அவளுக்கு நன்றாகவே இருந்தது. எங்கே வாங்கினாய் என்று சித்தி கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு இங்கே போட்டிருப்பது பின்னால் நாடா கட்டுகிற அங்கி. எல்லாருக்கும் ஒரே அளவு.

வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே, மன்னிக்கவில்லை. சித்திக்கு முதுகு போய்விட்டது, என்னைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அதோடு இங்கே எனக்குச் சண்டை போடவும் யாரும் இல்லை, எல்லாரும் மெதுவாகவே பேசுகிறார்கள். ரயில் காலை ஆறு பத்துக்கு வரும். டிக்கெட்காரம்மா வாசலில் நிற்பார், அவருக்கு எல்லாம் தெரியும், உன்னோடு பேசமாட்டார்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் பார்த்த பெரிய டாக்டரிடம், இந்த ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை, பதில் சொன்னார். நீ வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பாய். அழுவாய், காலைப் பிடிப்பாய், சித்தியை விட்டுக் கேட்கச் சொல்வாய். நான் சொல்லப்போவதில்லை.

தங்கச்சி